நீல மையில் ஒரு வரி

ஃபர்ஹானாவை யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்ததில்லை. யார் என்பதில்தான் இருந்தது.

எங்களுக்குள் என்றால், காலை ஏழு நாற்பதுக்குத் திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும் மகளிர் பெட்டியின் கடைசி இரண்டு பெஞ்சுக்காரர்கள். முனியம்மாள் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். கலைப்பிரியா துணிக்கடையில் பில் போடுகிறாள். பாஞ்சாலி ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் அட்டெண்டர். நான் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறேன். யார் மனை யார் பேருக்குப் போகிறது என்பது விற்கிறவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். மிகைப்படுத்தல். அதே நாளில்தான் தெரியும்.

ஐந்தாவது ஆள் ஃபர்ஹானா. எங்கள் எதிர்வீடு. அவள் அத்தா சர்புதீன் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். சார்ஜாவில் இருந்து திரும்பி வந்து திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை போட்டவர். ஆய்வேடு பைண்டிங் செய்வதில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. கடைக்கு வந்துபோகும் ஆராய்ச்சி மாணவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணுக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது என்பது எங்கள் முதல் ஊகம். பாஞ்சாலி வேலை பார்க்கும் அதே துறையில் ஆறு வருஷமாகப் பேராசிரியர் இருதயராஜிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். செப்டம்பர் முப்பதுக்குள் இருதயராஜ் கையெழுத்துப் போட்டு, ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பதிவு காலாவதி. இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது. மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது. ஆறு வருஷமும் அரிசி களைந்த தண்ணீர். கையெழுத்துக்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு செல். அதுவும் நிஜச் செல் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற செல்.

ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் மயிலம் தாண்டும்போது முனியம்மாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். மடியில் முறம், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஆறு வருசமா அப்பிடி இன்னாதான் பண்ணிக்கினு இருக்குற? இந்நேரத்துக்கு நாலு மாடி கட்டி குடி பூந்திருக்கலாம்."

"ஒரே ஒரு செல்லு கட்டிக்கினு இருக்கேன் அக்கா. நடு மூளையில டோபமைன்னு ஒரு சரக்கு அனுப்புற செல்லு. அது செத்துப்போச்சுன்னா கை நடுங்கும், நடை தேயும். அந்தச் செல்லு செகண்டுக்கு ரெண்டு மூணு வாட்டி தானா துடிச்சிக்கினே இருக்கும். யாரும் சொல்ல வேணாம்."

"யாரும் சொல்லாம எப்பிடி துடிக்கும்?"

"செல்லோட தோல்ல சின்னச் சின்னக் கதவு இருக்கு. சில கதவு முழுசா மூடவே மூடாது. அது வழியா சோடியம் எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள கசியும். கால்சியமும் கூட சேந்து வரும். உள்ள ஏறி ஏறி ஒரு அளவு வந்ததும் பெரிய சோடியம் கதவு பட்டுனு தொறந்துக்கும். அதான் துடிப்பு. உடனே பொட்டாசியம் வெளிய போயி அதை எறக்கிடும். எறங்கினதும் மறுபடி கசிவு."

முனியம்மாள் பீன்ஸைக் கீழே வைத்தாள். "பால் பொங்குறாப்பலன்னு சொல்லு. பொங்கும், தண்ணி தெளிச்சா அடங்கும், மறுபடி ஏறும்."

"அதே தான் அக்கா!"

"அடுப்பை யாரு பத்த வெச்சது?"

"அடுப்பு உள்ளயே இருக்கு."

"உள்ளயே இருந்தாலும் யாருனா பத்த வெச்சிருக்கணும்ல?"

ஃபர்ஹானா சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை, எங்கள் அனுபவம் அப்படி. எங்கள் தெருவில் எதுவும் தானாக நடந்ததில்லை. மூன்றாம் வீட்டு மருமகள் தனிக்குடித்தனம் போனாள். சொல்லிக்கொடுத்தது அவள் அக்கா. ரேஷன் கடைக்காரர் மாற்றல் வாங்கிக்கொண்டு செஞ்சிக்குப் போனார். பின்னால் இருந்தது மச்சான். கோடிவீட்டு மாரியப்பன் திடீரென்று ஒருநாள் மீசையை எடுத்தார். அதற்கும் ஆளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம், இங்கே வேண்டாம்.

எனவே செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் பாஞ்சாலி கொண்டுவந்த செய்தியை நாங்கள் சரியான கோணத்தில்தான் பார்த்தோம்.

செய்தியைச் சொல்வதற்கு முன் இருதயராஜ் சாரைப் பற்றிக் கொஞ்சம். நல்ல மனிதர். அவரும் திண்டிவனம்தான், அதே ரயிலில் பொதுப்பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார். டிசம்பரில் ஓய்வு. இளவயதில் எங்கேயோ வெளியூர் ஆய்வகத்தில் நிஜமான மூளைச் செல்லையே கண்ணாடி ஊசியால் தொட்டு அளந்தவராம். பிறகு இங்கே வந்து அதே செல்லைக் கம்ப்யூட்டரில் எழுதினார். அதில் கால்சியக் கதவை அடைத்ததும் துடிப்பு நின்றுபோனது. ஆக, இந்தச் செல்லை ஓட்டுவது கால்சியம்தான் என்று கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் முதல் பக்கம் அவர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது, துடைப்பது பாஞ்சாலி. செல்லை எழுதிய பழைய கம்ப்யூட்டர் மெஷின் இன்னும் அறை மூலையிலேயே இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அதற்குத்தான். சார் கிறிஸ்தவர், ஆனாலும் அன்றைக்குப் பொரியை மறுக்கமாட்டார். அவரிடம் படித்த நான்கு பேர் அந்த மெஷினில் பட்டனை அமுக்கி, வந்த படத்தை ஒட்டி, பட்டம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஃபர்ஹானாவின் செல்லில் கால்சியத்தை அடைத்தால் நிற்கவில்லை. கொஞ்சம் தாமதித்தது, அவ்வளவுதான். சோடியம் கசிவு இருந்தது. அளவு ரொம்பக் கீழே போனால் தானாகத் திறந்துகொள்கிற இன்னொரு கதவும் இருந்தது. அவை போதும் என்று அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

"சாரு கண்ணாடிய கழட்டி கழட்டி போடுறாரு," என்றாள் பாஞ்சாலி. "'நீ எங்கியோ வெளியிலேர்ந்து கரண்டு குடுத்துக்கினு இருக்குற, தேடு'ன்றாரு. இந்தப் பொண்ணும் பத்து நாளா தேடுது. ஒண்ணும் இல்லியாம். நேத்து அவரே எறங்கி வந்து, 'பொட்டாசியம் நம்பரைக் கொஞ்சம் ஏத்தும்மா, நின்னுடும், நான் கையெழுத்து போட்டுடறேன்'னாரு."

"அப்பறம் இன்னா? ஏத்த வேண்டியதுதான?" என்றாள் முனியம்மாள்.

"'ஏத்தினா நிக்கும் சார். ஏன் ஏத்தினேன்னு கேட்டா இன்னா எழுதறது?'ன்னு கேட்டுச்சு. மூஞ்சிக்கு நேரா."

பேரணி ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்பியது. எங்கள் தெருப் பெண். பால்காரர் தண்ணீர் கலந்தால்கூட அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்கிற பெண். அது பேராசிரியரிடம் இப்படிக் கேட்கிறது என்றால் பின்னால் ஆள் இல்லாமலா?

ஆள் அடுத்த வாரமே கிடைத்தான்.

விழுப்புரம் ஸ்டேஷன், சாயங்காலம் ஐந்தரை. மேம்பாலப் படிக்குக் கீழே ஃபர்ஹானா ஒரு இளைஞனோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி அடையாளம் சொன்னாள்: நிஜாமுதீன். இருதயராஜிடம் கடைசியாகப் பட்டம் வாங்கியவன். சார் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் அனந்தபுரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஃபர்ஹானா எதையோ கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். மறுபடி கேட்டாள், மறுபடி ஆட்டினான். கடைசியில் கையில் இருந்த மல்லாட்டைப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கடலை எடுத்துக்கொண்டு அவசரமாகப் போய்விட்டான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முனியம்மாள் பக்கத்திலேயே இருந்ததால் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கலைப்பிரியா அன்று வரவில்லை; அவளுக்கு மட்டும் வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டேன். இரண்டு நாளில் எங்கள் தெருவுக்கு வந்துசேர்ந்தபோது மல்லாட்டைப் பொட்டலம் நகைப் பெட்டியாகியிருந்தது. சர்புதீன் பாயிடம் அதைச் சொன்னது ஆதார் அட்டை நகலெடுக்க வந்த ஒருவராம். நான் இல்லை.

அன்று சாயங்காலம், அவர்கள் வீட்டில் வாங்கி வெகுநாளாகிவிட்ட இட்லிக் குண்டானைத் திருப்பிக் கொடுக்க எனக்கு நேரம் கிடைத்தது. ஃபர்ஹானாவின் அம்மா அசன் பீவி டீ போட்டு வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மக்ரிப் தொழுகை முடிந்து பாய் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி யோசித்தார்; இவளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

"யாரும்மா அந்தப் பையன்?"

"எந்தப் பையன் அத்தா?"

"ஸ்டேஷன்ல."

"நிஜாமுதீனா? சீனியர்."

"யாரு வீட்டுப் புள்ளைடி?" என்று அசன் பீவி இடையில் புகுந்தாள். "கோட்டக்குப்பமா? அவங்க அத்தா இன்னா பண்றாரு?"

"ம்மா, சும்மா இரு."

"நீ இரு பீவி," என்றார் பாய். "அவன் சொல்லிக் குடுத்துதான் நீ சாரை எதுத்துப் பேசிக்கினு இருக்குறியா? இன்னும் எட்டு நாள்தான் இருக்குது. ஆறு வருசத்தை எவனோ ஒருத்தன் பேச்சைக் கேட்டு தொலைச்சிடாத. சார் சொன்ன நம்பரைப் போடு. கையெழுத்தை வாங்கு. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

"அவனா சொல்லிக் குடுப்பான்? அவனுக்குப் பேசவே பயம் அத்தா. நான்தான் கூப்பிட்டு கேட்டேன். சாரோட பழைய புரோகிராமை எப்பனா தொறந்து பாத்திருக்கியான்னு. இல்லியாம். நாலு பேர்ல ஒருத்தர் கூட பாத்ததில்லியாம். அவங்க தீசிஸ்ல கடைசியா ஒரு பக்கம் இருக்கும், புரோகிராம் பூரா அதுல அச்சடிச்சிருக்கும். அதைப் பாத்துதான் நான் என்னோடதை எழுதினேன். வரிக்கு வரி அதேதான். அப்பவும் அவரோடது நிக்குது, என்னோடது நிக்கல. ஏன்னு தெரியாம நான் எப்பிடி நம்பரை மாத்துவேன்?"

பாய் டீ கிளாஸை எடுத்தவர் அப்படியே கீழே வைத்தார்.

"எந்தப் பக்கம்? மேல பின்னிணைப்புன்னு போட்டு, புள்ளி புள்ளியா பிரிண்ட் ஆகி, நாப்பது வரி இருக்குமே, அதுவா?"

"ஆமா. எப்பிடி தெரியும்?"

"அது என் கடையில இருக்குதும்மா."

"தீசிஸ் காப்பி தானே அத்தா, அது டிபார்ட்மென்ட்லயே..."

"தீசிஸ் இல்ல. ஒரிஜினல். மொத பையன் பைண்டிங்குக்கு வந்தப்ப சாரே கொண்டாந்து குடுத்தாரு. 'வருசா வருசம் பசங்க வருவாங்க பாய், நீங்களே வெச்சிக்கங்க'ன்னாரு. நாலு தீசிஸுக்கும் அதுலேர்ந்துதான் காப்பி போட்டேன். அதுல கையால ஒரு வரி எழுதியிருக்கும், வெளிர் நீலத்துல. வெளிர் நீலம் ஜெராக்ஸ்ல விழாது. அன்னிக்கே சொன்னேன், கருப்பு மையில எழுதிக் குடுங்க சார்னு. ரயிலுக்கு நேரமாச்சு, பரவால்ல பாய்னு போயிட்டாரு."

ஃபர்ஹானா எழுந்து நின்றுவிட்டாள். "இன்னா எழுதியிருந்துது?"

"அது யாருக்குத் தெரியும்? எனக்குக் காப்பி விழுதா விழலியான்னுதான் தெரியும்."

கடைச் சாவியை எடுத்துக்கொண்டு பாய் முன்னால் போனார், அவள் பின்னால் போனாள். எனக்கும் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று தேவைப்பட்டது, கூடவே போனேன்.

கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை உண்டு: 'நீல மை தெளிவாக விழாது. கடை பொறுப்பல்ல.' அதற்குக் கீழே அலமாரியில் அடுக்கிய ஃபைல்களில் எட்டாவதை உருவினார். உறைமேல் 'இருதயராஜ் சார், கடைசிப் பக்கம்' என்று எழுதியிருந்தது. உள்ளே பழுப்பேறிய ஒரு தாள். பதினேழாம் வரிக்கும் பதினெட்டாம் வரிக்கும் நடுவில், ஆகாய நீலத்தில், சாய்ந்த கையெழுத்து: பிடிப்பு, மைனஸ் பன்னிரண்டு.

ஃபர்ஹானா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். கால்சியத்தை அடைத்த செல் திரையில் முள் முள்ளாகத் துடித்துக்கொண்டு போனது. மைனஸ் பன்னிரண்டைத் தட்டினாள். முள் நின்றது. கோடு, வெறும் கோடு. எடுத்தாள்; மறுபடி முள். கால்சியத்தைத் திறந்துவிட்டு, மைனஸ் பன்னிரண்டையும் வைத்துப் பார்த்தாள். மெதுவாக, ஆனால் துடித்தது. இதை ஏழெட்டுத் தடவை செய்தாள். ஒரு தடவைகூட வேறு மாதிரி நடக்கவில்லை.

"இன்னாம்மா அது?" என்றார் பாய்.

"அமுக்கிப் பிடிக்கிற கரண்டு அத்தா. நெஜ செல்லுல ஊசி வெச்சா ஊசி ஓரமா கொஞ்சம் ஒழுகும். அந்த ஒழுகலைச் சரிகட்ட, எதிர்ப்பக்கமா கொஞ்சூண்டு கரண்டு குடுத்துப் பிடிச்சிக்குவாங்க. சாரு அந்தப் பழக்கத்துல கம்ப்யூட்டர்லயும் போட்டிருக்காரு. இங்கதான் ஊசியே இல்லியே. ஒழுகவும் இல்ல. வெறுமனே அமுக்கிக்கினு இருந்திருக்குது."

எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்கும். என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, போன மாசம் முனியம்மா அக்கா லீவு போட்ட அன்னிக்கு உங்க பெஞ்சு கப்சிப்னு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம இன்னா? அவ இல்லன்னா எங்களுக்குப் பேச்சே ஓடாது."

"அன்னிக்கு லேடி டிடிஆர் உங்க பெஞ்சுலயே ஒக்காந்துக்கினு வந்தாங்க."

உட்கார்ந்து வந்தாள்தான். கலைப்பிரியாவின் சீசன் டிக்கெட் வேறு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது, மூச்சுவிடவே யோசித்தோம். அதற்கடுத்த வாரம் முனியம்மாள் மறுபடி இரண்டு நாள் வரவில்லை. டிடிஆரும் வரவில்லை. அப்போது பேச்சு ஓடியதா? ஓடியது. முனியம்மாளைப் பற்றித்தான் ஓடியது.

மறுநாள் பாய் கடையைத் திறக்கவில்லை. அந்தத் தாளை உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு பொதுப்பெட்டியில் ஏறினார். அதே பெட்டியில் ஜன்னலோரம் இருதயராஜ் சாரும் இருந்தார். ரயிலில் வைத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று பாய் விழுப்புரம்வரை நின்றுகொண்டே வணக்கம் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாராம். நான் எங்கள் பத்திர எழுத்தருக்குப் போன் செய்து வயிற்றுவலி என்றேன். பாஞ்சாலி துறைக் கதவோரத்தில் எனக்கு ஒரு இடம் கொடுத்தாள். கையில் ஒரு துடைப்பத்தையும் கொடுத்தாள், பார்க்கிறவர்களுக்காக.

ஃபர்ஹானா அதிகம் பேசவில்லை. தாளை மேஜைமேல் வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து, போட்டுக் காட்டினாள், எடுத்துக் காட்டினாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைக் குனிந்து பார்த்தார். தன் கையெழுத்துதானா என்று சந்தேகப்படவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்க இருந்துது பாய்?"

"என்கிட்டதான் சார். நீங்க குடுத்ததுதான்."

"அப்ப பிரிண்ட் எடுத்த பிறகுதான் இந்த வரியைச் சேர்த்திருக்கேன். அதான் கையில எழுதியிருக்கேன்." யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "மெஷின்ல இது ஓடிக்கிட்டே இருந்திருக்கு. இத்தனை வருஷமா."

ஃபர்ஹானா லேப்டாப்பை மூடினாள். வெளியிலிருந்து கரண்டு கொடுக்கிறாய் என்று பத்து நாள் அவளைத் தேடவைத்தவர் அவர். அதை அவள் ஞாபகப்படுத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

சார் எழுந்து வெளியே போனார். நாற்பது நிமிஷம். பாஞ்சாலி தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பின்னாலேயே போய்வந்தாள். "கேண்டீன்ல ஒக்காந்துக்கினு இருக்காரு. டீ ஆறிப்போச்சு. குடிக்கல."

திரும்பி வந்து உட்கார்ந்தார். "சைன் பண்றேன்மா. உன் ரிசல்ட் சரி. கால்சியம் மட்டும் ஓட்டல. சரி. ஆனா இந்தக் கைவரி தீசிஸ்ல வேணாம். நீ உன்னோடதை மட்டும் எழுது."

செப்டம்பர் இருபத்து மூன்று. ஏழு நாள் மீதி. பேனா மூடியைக் கழற்றியாகிவிட்டது. கதவோரத்தில் பாஞ்சாலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று வாயசைத்தாள்.

"அது இல்லன்னா, ரெண்டு செல்லும் ஏன் வேற வேற மாதிரி நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது சார்," என்றாள் ஃபர்ஹானா. குரலை உயர்த்தவில்லை. "இன்னும் யாருனா அந்தப் பக்கத்தைப் பாத்து டைப் பண்ணுவாங்க. என்னை மாதிரியே தேடிக்கினு இருப்பாங்க."

"நான் டிசம்பர்ல ரிட்டயர் ஆகிறேன்மா."

"தெரியும் சார்."

பேனா மூடியை அவர் மறுபடி மாட்டினார். சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். ஆறு வருஷமும் போயிற்று என்று பாஞ்சாலி என் கையை விட்டாள்.

அப்போது பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடையில் வாடிக்கையாளருக்கு நீட்டுகிற, நூல் கட்டின பேனா. நூலை அறுத்துக் கொண்டுவந்திருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை கருப்பு மையில எழுதிக் குடுங்க. விழும்."

சார் பாயை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் சிரித்துவிட்டார், பெரிய சிரிப்பில்லை, மூக்கு வழியாக வருகிற சிரிப்பு.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க, இல்ல?"

"ஆமா சார். ரயிலுக்கு நேரமாச்சுன்னீங்க."

"இன்னைக்கு ரயில் இல்ல." பேனாவை எடுத்தார். நீல எழுத்தின் மேலேயே கறுப்பில், ஒவ்வொரு எழுத்தாக, திரும்ப எழுதினார். பிடிப்பு, மைனஸ் பன்னிரண்டு. ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதினார்: 'கணினி மாதிரியில் இதற்கு இடமில்லை. சேர்த்தது நான்.' கீழே தேதி, பெயர். அதே பேனாவால் ஃபர்ஹானாவின் சான்றிதழ்ப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல படத்துக்கு நம்பர் தப்பு. திருத்திடு," என்றார்.

பாய் தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து மை காய்ந்ததா என்று பார்த்தார். பிறகுதான் உறைக்குள் வைத்தார்.

இருபத்தேழாம் தேதி ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு பிரதி. கடைசிப் பக்கம் ஆறிலும் நன்றாக விழுந்திருந்தது.

அதற்கடுத்த நாள் ரயிலில் பெருமை யாருக்கு என்ற கணக்கை நாங்கள் முடித்தோம். ஸ்டேஷனில் பார்த்ததை நாங்கள் சொல்லாவிட்டால் பாய்க்குத் தெரிந்திருக்காது. பாய்க்குத் தெரியாவிட்டால் பேச்சு வந்திருக்காது. பேச்சு வராவிட்டால் தாள் வந்திருக்காது. ஆகவே அந்தப் பட்டத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. முனியம்மாள் இதை ஃபர்ஹானாவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"நாங்க சொல்லலன்னா இன்னா பண்ணியிருப்ப?"

"மறுநாள் சாரையே மெஷினைத் தொறந்து காட்டச் சொல்லியிருப்பேன் அக்கா."

"அப்பிடி கேக்கச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

முனியம்மாள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் முனியம்மாளைப் பார்த்தோம். இந்தப் பெண் கடைசிவரை பேரைச் சொல்லப் போவதில்லை.

அக்டோபரிலிருந்து ஃபர்ஹானா ரயிலில் வரவில்லை. தினமும் வரவேண்டிய வேலை முடிந்துவிட்டது. முதல் திங்கட்கிழமை அவள் இடத்தில் முனியம்மாளின் முறம் இருந்தது. கலைப்பிரியா தூங்கி வழிந்தாள். பாஞ்சாலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். எனக்கும் சொல்ல ஒன்றுமில்லை. மயிலம் வரைக்கும் அப்படியே போனது. விக்கிரவாண்டி வருவதற்குள் நிஜாமுதீனுக்கு அனந்தபுரத்தில் பெண் பார்த்தாகிவிட்டது, பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, சொல்லச் சொன்னது யார் என்பது வரைக்கும் வந்துவிட்டோம்.

யார் ஆரம்பித்தது என்று விழுப்புரத்தில் இறங்கும்போது கேட்டுக்கொண்டோம். நானில்லை என்றாள் முனியம்மாள். நானுமில்லை. மற்ற இரண்டு பேரும் தாங்கள் வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.